இன்னும் ஒரு பூச்சு

அணைக்கரை, குந்தா
18.11.1996

அன்புள்ள பியாட்ரிஸ் அக்காவுக்கு,

தம்பி ஞானசீலன் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். மூட்டுவலி குளிருக்குத் தகுந்தபடி ஏறி இறங்குகிறது. உங்கள் சுகத்தை, முக்கியமாக இடது கண்ணின் சுகத்தை, அறிய ஆவலாக இருக்கிறேன்.

மண் சரிந்து பாலம் போன இடத்தில் இப்போது வெறும் செம்மண் பள்ளம்தான் இருக்கிறது என்று தபால்காரர் வேலாமணி சொன்னார். பையை முதுகில் கட்டிக்கொண்டு மேட்டுவழியாக ஒன்பது மைல் நடந்து, செவ்வாயும் வெள்ளியும் உங்கள் பக்கம் வருகிறார். என் வாசலில் நின்றால் உங்கள் எஸ்டேட் லைன் வீட்டுப் புகை தெரிகிறது. நடுவில் இருக்கும் அணைத் தண்ணீர் அரை மைல் கூட இல்லை. அதைத் தாண்ட இந்தக் கடிதத்துக்கு நாலு நாள் ஆகும்.

எழுத வந்த விஷயம் இது. ஜனவரி 18, சனிக்கிழமை, இங்கே சபை மண்டபத்தில் கண் முகாம். அன்றைக்கே பார்த்து, வேனில் கோயமுத்தூர் அழைத்துப்போய், புரையை எடுத்து, நாலு நாளில் திருப்பி விடுகிறார்கள். அடுத்த முகாம் ஒரு வருடம் கழித்துத்தான். புரை முற்றிவிட்டால் ஒருநாள் கண் சிவந்து வலிக்கும், அதன்பிறகு கத்தி வைத்தும் பயனில்லை என்று நர்ஸ் ரோஸ்மேரி சொன்னார். உங்கள் வலது கண் போன விதமும் அதுதான்.

உங்களால் ஒன்பது மைல் நடக்க முடியாது. நாற்காலியில் வைத்துத் தூக்கிவர நாலு ஆண்கள் வேண்டும். எஸ்டேட் மூடியபிறகு இருந்தவர்களும் திருப்பூர் போய்விட்டார்கள். அணைக்கென்று இருந்த படகையும் மேல் அணைக்குக் கொண்டுபோய் ஐந்து வருடமாகிறது.

ஆகவே ஒரு யோசனை. பவர்ஹவுஸுக்குப் புதுப் பானல்கள் வந்த பெட்டிகளில் இருந்து ஏராளமான தெர்மகோல் மிஞ்சிக் கிடக்கிறது. கேட்டால் தருவார்கள். அதை அடுக்கி ஒட்டி, ஒரு சிறு படகு செய்ய முடியுமா என்று பார்க்கிறேன். எனக்கு இதில் அனுபவம் இல்லை. தவறாகவும் இருக்கலாம். உங்கள் அபிப்பிராயம் எழுதவும்.

இப்படிக்கு,
ஞானசீலன்

நாலாம் டிவிஷன்
26.11.1996

என் தம்பி ஞானசீலனுக்கு,

அக்கா இங்கே நன்றாகவே இருக்கிறேன். பக்கத்து வீட்டு அம்சவேணி ஆடு மேய்த்த நேரம் போக எனக்குத் தண்ணீர் எடுத்துத் தருகிறாள். நீ மூட்டுக்கு விளக்கெண்ணெய் போடுகிறாயா, இல்லை குப்பியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயா?

தெர்மகோல் என்றால் கல்யாண மேடையில் மாப்பிள்ளை பெண் பெயரை வெட்டி ஒட்டுகிற சாமான்தானே? நம் கோயிலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வெட்டுவார்கள். அதில் என்னை ஏற்றப் போகிறாயா? அம்சவேணியிடம் சொன்னேன். "ஏனுங்க டீச்சர், கோழி மூக்கால கொத்துனாலே ஓட்டை விழுமேங்க அதுல" என்றாள்.

சின்ன வயதில் தொட்டியில் இறக்கிக் குளிப்பாட்டினாலே ஊரைக் கூட்டுவாய். அணையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தும் கம்பியைப் பிடிக்காமல் நீ நடந்து நான் பார்த்ததில்லை. இவ்வளவு எழுதிவிட்டு இதையும் எழுதுகிறேன்: எனக்கு வேறு வழி தெரியவில்லை. இடது கண்ணில் உன் எழுத்து இன்னும் தெரிகிறது, ஜன்னலுக்குப் பக்கத்தில் காலை பத்து மணிக்கு மட்டும்.

செய். பார்ப்போம்.

அக்கா பியாட்ரிஸ்

அணைக்கரை
5.12.1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். விளக்கெண்ணெய் போட ஆரம்பித்திருக்கிறேன்.

வேலை தொடங்கிவிட்டது. எனக்குத் துணையாக மாரிச்சாமி வருகிறார். அணையில் என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பவானி ஆற்றங்கரையில் பிறந்ததால் நீச்சலும் துடுப்பும் தெரிந்தவர். கூலி வாங்க மறுக்கிறார்.

முதல் சோதனையே தோல்வி. ஊட்டியில் ஒருவர் சொன்னபடி ஃபைபர் பிசினை ஒரு துண்டின்மேல் தடவினேன். தெர்மகோல் புகைந்து, குழிந்து, ஐந்து நிமிடத்தில் காணாமலே போய்விட்டது. முழுப் படகிலும் பூசியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்து அன்று சாப்பிடவில்லை. இப்போது பழைய வேட்டிகளைக் கிழித்து, வெள்ளைக் கோந்தில் நனைத்து மேலே ஒட்டி, அது நன்றாகக் காய்ந்தபின் எனாமல் பெயிண்ட் அடிக்கிறோம். துணியில் இடைவெளி இருந்தால் பெயிண்ட் உள்ளே இறங்கித் தெர்மகோலைத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவே நாலு நாள். இந்த மூடுபனியில் எதுவும் சீக்கிரம் காய்வதில்லை. அடியிலும் ஓரத்திலும் பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகையை ஆணியடித்துச் சேர்க்கிறோம்.

நீளம் எட்டடி, அகலம் நாலடி, கனம் எட்டு அங்குலம். கணக்குப்படி அறுநூறு கிலோ வரை மிதக்கும். நம் இருவரோடு இரண்டு அங்குலம் கூட அமிழாது. கணக்கை மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரே விடை வந்தது. அதுவே சந்தேகமாக இருக்கிறது.

கேட்கத் தயக்கமாக இருக்கிறது. உங்கள் எடை எவ்வளவு?

ஞானசீலன்

நாலாம் டிவிஷன்
13.12.1996

தம்பிக்கு,

ஆசீர்வாதம். இருமல் கொஞ்சம் இருந்தது, போய்விட்டது.

எழுபத்து நாலு வயதில் என்னிடம் எடை கேட்கிறவன் நீ ஒருவன்தான். இலை நிறுக்கிற தராசு இன்னும் பழைய கொட்டகையில் தொங்குகிறது. அம்சவேணி என்னைக் கூடையில் உட்காரவைத்துக் கொக்கியில் மாட்டிப் பார்த்தாள். சேலை, ஸ்வெட்டர், சால்வையோடு ஐம்பத்திரண்டு. "கொழுந்தா இருந்தா இன்னைக்கு நல்ல கூலிங்க டீச்சர்" என்கிறாள். கூடைக்கு இரண்டு கிலோ கழித்துக்கொள்.

உன் வேலை எனக்குக் கேட்கிறது, தெரியுமா? காற்று இல்லாத காலையில் ஆறரை மணிக்கு டொக் டொக் என்று தண்ணீர்மேலேயே நடந்து வருகிறது. முதல் நாள் மரங்கொத்தி என்று நினைத்தோம். ஞாயிற்றுக்கிழமை சத்தம் இல்லை. அப்போதுதான் இது ஞானசீலன் என்று தெரிந்தது.

பண்டிகைக்கு நீ தனியாக இருக்காதே. மாரிச்சாமி வீட்டில் கூப்பிட்டால் போய்ச் சாப்பிடு.

அக்கா

அணைக்கரை
4.1.1997

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள். மாரிச்சாமி வீட்டில்தான் சாப்பிட்டேன். உங்கள் இருமல் திரும்பவில்லையே?

படகு ஏறக்குறைய முடிந்தது. ஏறக்குறைய என்றுதான் சொல்லமுடிகிறது. சில இடங்களில் பலகையை இன்னும் ஆணியடித்து இறுக்க வேண்டியிருக்கிறது. அடிப்பக்கம் மூன்று பூச்சு ஆகிவிட்டது. ஆனாலும் வலது ஓரத்தில் துணி லேசாக உப்பியதுபோல் தோன்றியது. மாரிச்சாமிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. ஆகவே இன்னும் ஒரு பூச்சு.

"ஏனுங்க சார், இதுக்கு மேல பூசினா படகு பெயிண்டு கனத்துலயே முழுகிப் போயிருமுங்க" என்கிறார். அவர் எதையும் விளையாட்டாக எடுப்பவர்.

மணல் மூட்டைகளை ஏற்றி ஒருநாள் முழுக்க மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். தவிர, அணைத் தண்ணீரில் தனியார் படகு விடக்கூடாது என்று விதி இருக்கிறது. முப்பதாம் தேதி அலுவலகத்துக்கு மனு எழுதிப்போட்டிருக்கிறேன். அனுமதி வந்துவிட்டால் மனசு தைரியமாக இருக்கும். 18-ஆம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

ஞானசீலன்

நாலாம் டிவிஷன்
9.1.97

தம்பி,

சுகம். வரிகள் மேலும் கீழுமாகப் போனால் பொறுத்துக்கொள். காகிதத்தின் ஓரம் சரியாகப் பிடிபடவில்லை.

பை கட்டிவிட்டேன். இரண்டு சேலை, பாட்டுப்புத்தகம், அப்பாவின் கம்பளி. அம்சவேணி கரையில் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். காலையில் பனி விலகினதும் அங்கே போய் உட்காருகிறேன். வெயிலும் கிடைக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

அணைக்கரை
20.1.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

முகாம் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு பேரை அழைத்துப் போனார்கள். உங்கள் பெயரைப் பதிவு செய்து வைத்திருந்தேன். கூப்பிட்டபோது நான் எழுந்து, வரமுடியவில்லை என்று சொன்னேன்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். 14, 15 தேதிகளில் காற்று. 16-இல் படகைக் கரைக்குக் கொண்டுபோனோம். ஆனால் மின்உற்பத்திக்காகத் தண்ணீர் விடத் தொடங்கிவிட்டார்கள், மட்டம் ஆறடி இறங்கியிருந்தது. என் பக்கம் அணையை ஒட்டிய ஆழம், எப்போதும் தண்ணீர் இருக்கும். உங்கள் பக்கம் சமதளம். ஆறடி இறங்கினால் நூறு கஜத்துக்கு இடுப்பளவு சேறு. படகு அதில் வராது, ஆளும் நடக்கமுடியாது. வருடாவருடம் இப்படித்தான். இந்த வருடம் கொஞ்சம் தாமதமாகும் என்று நினைத்திருந்தேன்.

மாரிச்சாமி மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். படகு கொட்டகையில் இருக்கிறது. ஒரு துளி ஒழுக்கு இல்லை.

பதில் எழுதவும்.

ஞானசீலன்

அணைக்கரை
17.2.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வாரமாகத் தகவல் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் வேலாமணி திரும்பும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறேன். அவர் தூரத்திலேயே தலையை ஆட்டிவிடுகிறார். புகை தெரிவதால் தைரியமாக இருக்கிறேன். இருமலா? மருந்து ஏதாவது கொடுத்தனுப்பட்டுமா?

என் மனுவுக்குப் பதில் வந்தது. நீர்மட்டம் தாழ்ந்துவிட்டபடியால் இப்போதைக்கு இதைப் பரிசீலிக்க அவசியமில்லை என்று இருக்கிறது. அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

நான் ஏதாவது தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

ஞானசீலன்

நாலாம் டிவிஷன்
3.3.1997

தம்பி ஞானசீலனுக்கு,

நான் சொல்ல அம்சவேணி எழுதுகிறாள். அவள் எட்டாவது வரை என்னிடம் படித்தவள், பிழை இருந்தால் என் குற்றம். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் இருப்பாய்.

பதில் போடாமல் இருந்தது கோபத்தால் அல்ல. ஒன்றைச் சொல்லலாமா, வேண்டாமா என்று நாள் போய்விட்டது.

உன் சுத்தியல் டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமை காலையோடு நின்றுவிட்டது. மறுநாள் ஞாயிறு, சரி. திங்கள் இல்லை. செவ்வாய் இல்லை. படகு முடிந்தது என்று அம்சவேணியிடம் சொல்லி, அன்றைக்கே பை கட்டினேன். அதன்பிறகு உன் கடிதம் வருகிறது, இன்னும் ஆணியடிக்க வேண்டியிருக்கிறது என்று. எனக்குக் காது நன்றாகக் கேட்கும், ஞானம்.

தண்ணீர் எப்போது இறங்கும் என்று எனக்கும் தெரியும். முப்பது வருடமாக இந்தக் கரையில் இருக்கிறேன். இருபத்தெட்டுக்கும் பொங்கலுக்கும் நடுவில் பதினேழு நாள் இருந்தது. தினமும் நாற்காலியில் உட்கார்ந்து எண்ணினேன். உடனே வா என்று ஒருவரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நீ பயப்படுகிறாய் என்று எழுத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் இரண்டு பேரும் மரியாதையாகவே நடந்துகொண்டோம்.

எண்ணெய் போடுவதை விடாதே.

அக்கா

ஐயா, டீச்சர் தூங்கப் போனதும் இதை நானா எழுதறேனுங்க. உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னாங்க. போன மாசம் பத்தாம் தேதி கண்ணு செவந்து ரெண்டு நாள் ஒரே வலிங்க. இப்ப வெளிச்சம்கூடத் தெரியலைங்க. விளக்கைப் பொருத்திட்டு, பொருத்திட்டேன்னு நான் சொல்லணுமுங்க. - அம்சவேணி

அணைக்கரை
21.4.1997

அக்காவுக்கு,

ஏழு வாரம் எடுத்துக்கொண்டேன். ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். அம்சவேணி, இதை அப்படியே படித்துக்காட்டு. எதையும் விடவேண்டாம்.

டிசம்பர் 28-இல் படகு முடிந்தது உண்மை. மறுநாள் மாலை மாரிச்சாமி அதைத் தனியாகத் தலையில் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார். ஏறி, நூறு கஜம் ஓட்டிவிட்டு வந்தார். "தொட்டில் மாதிரி இருக்குதுங்க சார். நீங்க கரையில நில்லுங்க. நான் போயி டீச்சரம்மாவைக் கூட்டிட்டு வந்தர்றேன்" என்றார். துடுப்பைக் கையிலேயே வைத்திருந்தார். நான் சரி என்று சொல்லியிருந்தால் அரைமணி நேரத்தில் நீங்கள் என் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

நான் வேண்டாம் என்றேன். என் அக்காவை அழைத்துவர இன்னொருவர் போக, நான் கரையில் நிற்பதை ஊர் பார்க்கும் என்று கூச்சம். நானே போகிறேன் என்றேன். ஏறப் போனேன். ஒரு காலை வைத்ததும் படகு அசைந்தது. காலை எடுத்துவிட்டேன். வலது ஓரத்தில் துணி உப்பியிருக்கிறது, இன்னும் ஒரு பூச்சு வேண்டும் என்றேன். மாரிச்சாமி என்னைப் பார்த்தார். பிறகு, "சரிங்க" என்று மட்டும் சொன்னார். உப்பல் எதுவும் இல்லை. மனு எழுதியதும் அதற்கு மறுநாள்தான்.

அணையின் அளவுப் பதிவேட்டை எழுதியவன் நான். பொங்கலுக்குப் பிறகு தண்ணீர் எந்த வாரம் எத்தனை அடி இறங்கும் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அது இறங்கட்டும் என்று காத்திருந்தேன் என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான். உங்கள் கண்ணைப்பற்றி அம்சவேணி எழுதிவிட்டாள், எனக்குத் தெரியும். அவளைத் திட்டவேண்டாம்.

மன்னிப்புக் கேட்கிற அளவுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று செய்கிறேன். காலை ஆறரைக்குப் படகைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கி, அதில் உட்காருகிறேன். அருகே எண்ணெய்த் தகரம் ஒன்று. உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு தட்டு. உங்களுக்குக் கேட்கும் என்பதற்காக. நேற்று இரண்டு. இன்று மூன்று. அதற்குமேல் நடுக்கம் வந்துவிட்டது. இதனால் இப்போது யாருக்கும் பயனில்லை என்பது தெரியும்.

ஞானசீலன்

நாலாம் டிவிஷன்
30.5.1997

தம்பிக்கு,

அம்சவேணி எழுதுகிறாள். உடம்பு பரவாயில்லை. நான் அவளைத் திட்டவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னேன். தகரம் கேட்கிறது. காலையில் நாற்காலிக்குப் போய்விடுகிறேன். நான் விரலை மடக்குவேன், அம்சவேணி கூழாங்கல் போடுவாள். போன வாரம் ஏழு. திங்கள் ஒன்பது. நேற்று முன்தினம் பத்து.

இன்று பதினொன்று எண்ணினேன். நன்றாக இடைவிட்டு, ஒரே சீராக வந்தது. அதன்பிறகு சத்தமே இல்லை. நீ வழக்கமாக முடிக்கும்போது தகரத்தைக் கீழே போடுகிற ஓசை கேட்கும். அதுவும் கேட்கவில்லை. அம்சவேணி ஆட்டைத் தேடி மேலே போயிருந்தாள், பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. கரையில் எழுந்து நின்றேன். வெகுநேரம் நின்றேன்.

உடனே எழுது. ஒருவரி போதும்.

அக்கா

அணைக்கரை
5.6.1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்களைக் கலங்கவைத்ததற்கு வருந்துகிறேன். மழை இன்னும் பிடிக்கவில்லை.

முப்பதாம் தேதி பதினொன்று தட்டியபின் நடுக்கம் வரவில்லை. அது எனக்கே புரியவில்லை. தகரத்தைக் கரையில் எடுத்து வைத்தேன், மெதுவாக. கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு கையும் துடுப்புக்குத் தேவைப்பட்டது.

படகு நேராகப் போகவில்லை. நான்தான் சரியாக ஓட்டவில்லை. ஆனால் போனது. நடுத்தண்ணீரில் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டேன், திறந்தபோதும் மிதந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் பக்கத்துச் சேறு தொடங்கும் இடம்வரை வந்துவிட்டேன். அதற்குமேல் துடுப்பு இறங்கியது, படகு நகரவில்லை. உங்களுக்கும் எனக்கும் நடுவே நூறு கஜம். அப்பாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்து நின்றீர்கள். முகம் என் பக்கம்தான் இருந்தது. இளைத்துவிட்டீர்கள்.

கூப்பிட்டேன். எதிர்க்காற்று, என் குரல் இப்போது எவ்வளவு மெலிந்தது என்றும் உங்களுக்குத் தெரியும். கையை உயர்த்தி ஆட்டினேன். நீங்கள் அசையாமல் நின்றதால் துடுப்பைத் தூக்கி, இன்னும் பெரிதாக ஆட்டினேன். எவ்வளவு நேரம் ஆட்டினேன் என்று தெரியவில்லை. பிறகுதான் உங்கள் கண் நினைவு வந்தது.

தகரம் கரையில் இருந்தது.

உங்கள் தம்பி,
ஞானசீலன்